ஒரு சாண் இடைவெளி

பணிமனையில் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சாண் என்றுதான் சொல்வார்கள். ஐம்பது பேர் உட்காரும் பேருந்தைப் பின்னால் எடுத்து, சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் சரியாக ஒரு சாண் விட்டு நிறுத்துவார். கூட வேலை பார்த்தவர்கள் நம்பாமல் கையை விரித்து வைத்து அளந்தே பார்த்திருக்கிறார்கள். கட்டைவிரல் சுவரில் படும், சுண்டுவிரல் வண்டியில் படும். முப்பத்தொரு வருடம் ஓட்டியும் ஒரு கீறல் கிடையாது. அதற்காகக் கொடுத்த சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தார். வீட்டுக்கு வந்தவர்கள் அதைக் கவனிக்காமல் உட்கார்ந்துவிட்டால், ஃபேனைப் போடுகிற சாக்கில் எழுந்துபோய் அதற்கு நேர் கீழே நிற்பார்.

இப்போது வருகிறவர்களே இல்லை. நாலு மாதமாக அந்த வீட்டில் அவர் ஒருத்தர்தான். காலையில் டீ போடும்போது கை பழக்கத்தில் இரண்டு டம்ளரை எடுக்கும், பிறகு ஒன்றைத் திரும்ப வைக்கும். ஜன்னலோரம் மனைவியின் தையல் மெஷின் இருந்தது. பள்ளிக்கூடச் சட்டை ஒன்று ஒரு கையோடு ஊசிக்கு அடியில் பாதியில் நின்றது. சட்டைக்குச் சொந்தக்காரர்கள் இரண்டு தடவை வந்து கேட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் வரவில்லை. அவர் அதை எடுக்க விடவில்லை. அதை எடுத்துவிட்டால் அவள் திரும்பி வரமாட்டாள் என்று ஓர் எண்ணம். அறுபத்தாறு வயது ஆளுக்கு இப்படியெல்லாம் எண்ணம் வரலாமா என்று கேட்டால், வந்துதொலைத்தது, என்ன செய்ய?

மனைவி மகள் வீட்டில் இருந்தாள். இடது தொடையெலும்பு இரண்டாக உடைந்து, கம்பி வைத்துத் தைத்து, முதலில் கட்டில், பிறகு நடைச்சட்டம், இப்போது கைத்தடி என்று ஒவ்வொரு படியாக ஏறி வந்திருந்தாள். அந்தக் காலை நசுக்கியது அவருடைய கார். நடந்த இடம் அவர்கள் வீட்டு வாசல். ஓட்டியது அவர்தான்.

எப்படி நடந்தது என்று சொல்ல வேண்டுமானால் தட்டுக் கதையைச் சொல்லியாக வேண்டும். பேருந்தைப் பின்னால் எடுக்கும்போது கண்டக்டர் இறங்கிப்போய் வண்டியின் பக்கத்தில் நின்று தகரத்தில் தட்டுவார். அடுத்தடுத்து இரண்டு தட்டினால் வா என்று அர்த்தம். ஒரே ஒரு தட்டு என்றால் நில். கண்ணாடியில் தெரிவதை நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம், கண்டக்டர் தட்டை நம்பித்தான் ஆக வேண்டும். வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்தவர், மற்ற ஆட்கள் கைக்கடிகாரமும் சால்வையும் கொண்டுவருகிற மாதிரி, இந்தப் பழக்கத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஒரு பழைய காரும் வாங்கினார்.

அவர்கள் வீட்டில் கார் நிற்கும் இடத்திலிருந்து தெருவுக்கு நேர்வழி கிடையாது. பக்கத்துச் சுவர் வரைக்கும் பின்னால் வந்து, ஸ்டீயரிங்கை ஒடித்து, அதற்கப்புறம்தான் கேட்டைப் பார்த்து முன்னால் போக முடியும். ஆகவே மனைவியைக் கண்டக்டராக்கினார். எட்டு வருடமாகக் கார் கிளம்பும்போதெல்லாம் அவள் பின்பக்கம் ஓரமாக நின்று டிக்கியில் தட்டுவாள். டிக்கெட் கிழித்துக் கொடுக்காததுதான் பாக்கி.

அவள் தையல்காரி. துணியை வெட்டும்போது தையலுக்கு அரை அங்குலம் விட்டுத்தான் வெட்டுவாள். காருக்கும் அப்படியே விட்டாள். சுவருக்கு இன்னும் இரண்டு சாண் இருக்கும்போதே ஒரு தட்டு விழுந்துவிடும். சாண் என்று பேர் வாங்கியவருக்கு அது பொறுக்குமா? தட்டு கேட்டதும் நிற்கமாட்டார். தன் கைவரிசையைக் காட்டி இன்னும் ஒரு சாண் உருளவிட்டு, மிச்ச ஒரு சாணில் நிறுத்துவார். இறங்கி வந்து, "பாத்தியா, எவ்வளவு இடம் கிடக்குது" என்று சுவரைக் காட்டுவார். அவள் கார் கதவைத் திறந்து உட்காருவாள். எட்டு வருடமும் இதே கூத்துதான்.

அன்றைக்குக் கண்ணாடிக்கடைக்குக் கிளம்பினார்கள். அவளுக்கு ஊசியில் நூல் கோப்பது சிரமமாகிக்கொண்டிருந்தது. அவள் இரண்டு தட்டு தட்டினாள், கார் நகர்ந்தது. செடிக்குத் தண்ணீர் விடுகிற ரப்பர் குழாய் சுவரோரம் சுருண்டு கிடந்ததை அப்போதுதான் பார்த்தாள். டயர் ஏறிவிடுமே என்று காருக்கும் சுவருக்கும் நடுவில் புகுந்து இழுத்தாள். அது குழாயடியில் மாட்டிக்கொண்டு வர மறுத்தது. நிமிர்ந்தபோது கார் பக்கத்தில் வந்துவிட்டது. ஒரு தட்டு தட்டினாள்.

அவருக்கு அது நன்றாகவே கேட்டது. வழக்கம்போல இன்னும் ஒரு சாண் உருளவிட்டார். அவள் மறுபடி ஓங்கித் தட்டினாள். முப்பத்தொரு வருடம் பழகிய கால் அதை இரண்டாவது தட்டு என்று எடுத்துக்கொண்டு ஆக்சிலேட்டரை அழுத்தியது. அதற்கப்புறம் கேட்டது தட்டு இல்லை.

அக்கம்பக்கத்தார் ஓடிவந்தபோது அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாய் மட்டும் ஓடியது. "ரெண்டு தட்டினா, அதான் வந்தேன்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். ஆம்புலன்ஸில் ஏறும்போதும் சொன்னார். ஸ்ட்ரெச்சரில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தவள் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். ஆமாம், இரண்டு தட்டிவிட்டேன் என்றாள். ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று பார்த்தால் அதில் பொய்யில்லை. அவரும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். டாக்டரிடம், மகளிடம், கேட்டவரிடம் கேட்காதவரிடம் எல்லாம் அதையே சொல்லிச் சொல்லி, கடைசியில் முக்கால்வாசி தானே நம்பிவிட்டார். முதல் தட்டு கேட்டது என்பதை மட்டும் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

மகள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள், வாய்த்துடுக்கு. அப்பாவை அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உங்கள் மேல் தப்பில்லை, மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள் என்று தோளைத் தட்டிக் கொடுத்தாள். கோபமெல்லாம் அம்மா மேல். கார் பின்னால் போய் யாராவது நிற்பார்களா, நில் என்று சொல்ல வேண்டிய இடத்தில் வா என்று தட்டினால் வண்டி வராமல் என்ன செய்யும் என்று ஆஸ்பத்திரி வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி திட்டினாள். அவர் அப்போது ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தார். வெளியே பார்க்க ஒன்றுமில்லை, இருந்தாலும் நெடுநேரம் பார்த்தார்.

இனி வீட்டுக்குப் போகலாம், மெதுவாக நடக்கலாம் என்று டாக்டர் சொல்லி ஒன்றரை மாதம் ஆகிவிட்டது. அவள் வரவில்லை. வழுக்கும் என்று பயப்படுகிறாள் போல என்று அவர் குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்தார். வாசற்படி உயரமோ என்று அதை இடித்துச் சரிவாகப் பூசினார். தையல் மெஷினைக் காலால் மிதிக்க முடியாதே என்று மோட்டார் மாட்டினார். ரப்பர் குழாயைச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டு, செடிக்கு வாளியில் மொண்டு ஊற்றினார். காருக்கு உறை போட்டு மூடினார். ஒவ்வொன்றும் முடிந்ததும் போனில் சொல்வார். "சரிங்க, இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்" என்பாள். பிறகு சாப்பிட்டாரா, மாத்திரை போட்டாரா, கதவைப் பூட்டினாரா என்று மூன்று கேள்வி கேட்பாள். மூன்றுக்கும் ஆமாம் சொன்னதும் பேச ஒன்றும் இருக்காது. போனை வைத்த பிறகு அந்த வீடு இருக்கிற அமைதியைத் தாங்க முடியாமல் ரேடியோவைப் போடுவார். யாரோ யாருக்கோ வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

புதன்கிழமைகளில் அவளைப் பார்க்கப் போவார். பேருந்தில்தான். மகளும் மருமகனும் வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துப் போய், ஐந்தரை மணிப் பேருந்தில் திரும்பிவிடுவார். மகள் ஆறு மணிக்கு வருவாள். அவள் திட்டினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம், அவள் பிரியமாக இருப்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அந்தப் புதன்கிழமையும் ஓட்டுநருக்குப் பின்னாலிருக்கும் இருக்கையில் உட்கார்ந்தார். வேறு இருக்கை காலியாக இருந்தாலும் அவருக்கு அங்கேதான் உட்கார வரும். திருப்பம் வரும்போதெல்லாம் அவருடைய வலது கால் இல்லாத பிரேக்கை மிதிக்கும். வழியில் பைகளோடு ஒரு அம்மாள் எழுந்து மணிப் பொத்தானை அழுத்தினாள். ஒரு மணி அடித்தது. மணிக்கும் தட்டின் கணக்குதான், ஒன்று என்றால் நில், அடுத்தடுத்து இரண்டு என்றால் போ. நிறுத்தம் வந்தும் வண்டி வேகம் குறையவில்லை. அம்மாள் பதறிப்போய் இன்னொரு தரம் அழுத்தினாள். ஓட்டுநர் உடனே ஓரங்கட்டி நிறுத்தினான். "கேட்டுச்சும்மா, ரெண்டு தடவையும் கேட்டுச்சு" என்று சிரித்தான். அம்மாள் இறங்கிப் போனாள்.

இவர் உறைந்துபோய் உட்கார்ந்திருந்தார். ஒரு மணிக்கும் இன்னொரு மணிக்கும் நடுவில் ஒரு மூச்சு விடுகிற நேரம் இருந்தது. அதை எந்த ஓட்டுநரும் போ என்று எடுத்துக்கொள்ளமாட்டான். அது நில் என்று இரண்டு முறை சொன்னது. சின்ன வயசுப் பையன், ஸ்டீயரிங் பிடித்த கையில் இன்னும் காய்ப்புகூட ஏறியிருக்காது, அவனுக்குத் தெரிகிறது. தனக்கு மட்டும் தெரியாதா? முப்பத்தொரு வருடத்தில் எத்தனை ஆயிரம் பேர் இப்படிப் பதறிப்போய் இரண்டு தரம் அடித்திருப்பார்கள், ஒரு தடவையாவது வண்டியை அழுத்தியிருக்கிறாரா? அன்றைக்கு அழுத்தினார். காதில் விழுந்தது கண்டக்டர் தட்டாக இருந்திருந்தால் முதல் தட்டுக்கே நின்றிருப்பார். மனைவி தட்டு என்பதால் நிற்கவில்லை. இத்தனை நாள் பூசி மெழுகி வைத்திருந்ததெல்லாம் அந்த இருக்கையிலேயே உதிர்ந்துபோயிற்று. அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி இறங்கி, அவ்வளவு தூரமும் திரும்பி நடந்தார்.

மகள் வீடு ஓர் அடுக்குமாடியின் தரைத்தளத்தில். கூடத்து ஜன்னலுக்கு வெளியே அந்தக் கட்டடத்துக் கார்களெல்லாம் நிற்கும். புது மாதிரி கார்கள், பின்னால் எடுக்கும்போது பீம் பீம் என்று கத்தும். மனைவி ஜன்னலுக்கு எதிர்ச் சுவரோரம் மர நாற்காலியில் உட்கார்ந்து மகளுடைய திரைச்சீலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கைத்தடி சாய்த்து வைத்திருந்தது. வழக்கமான மூன்று கேள்வியையும் கேட்டாள். அவர் மூன்றுக்கும் தலையாட்டினார். வெளியே ஏதோ ஒரு கார் கத்த ஆரம்பித்ததும் அவளுடைய இடது கை நாற்காலியை இறுக்கிப் பிடித்தது. கார் அடங்கியதும் கை தளர்ந்தது. இதை அவர் எல்லாப் புதன்கிழமையும் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு வேறு பேச்சை எடுத்துவிடுவார்.

"மொத தட்டு எனக்குக் கேட்டுச்சு" என்றார்.

ஊசி நின்றது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"கேட்டுச்சு, நான் நிக்கல. நீதான் எப்பவும் முன்கூட்டியே தட்டிடுவியே, இன்னும் இடம் இருக்கும்னு நெனச்சுட்டேன். நீயும் அந்த நேரம் பாத்து குழாய எடுக்கப் போயி, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

அவள் நாற்காலிக் கையில் விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டினாள். பலமாகக்கூட இல்லை. அவர் பேச்சு பாதி வார்த்தையில் நின்றது.

அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

"நீங்க நிக்க மாட்டீங்கன்னு எனக்கு எட்டு வருஷமா தெரியும்" என்றாள். "தெரிஞ்சுதான் ரெண்டு சாணுக்கு முன்னாடியே தட்டுவேன். ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு சுவத்துக்கு. அன்னிக்கு விடறதுக்கு எங்கிட்ட எடமில்ல. நெஜமாவே நில்லுங்கன்னு இத்தன வருஷத்துல நான் தட்டினது அது ஒண்ணுதான்."

சுவரைக் காட்டிக் காட்டிப் பெருமையடித்த இடமெல்லாம் அவள் விட்டுக்கொடுத்த இடம். எட்டு வருடமும் அவர் கெட்டிக்காரராக இருந்தது அவள் தயவில்தான். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, துடைக்கக்கூட வெட்கமாக இருந்தது. அதனால்தான் வீட்டுக்கு வரவில்லையா என்று மெல்லக் கேட்டார்.

"காலுக்காக இல்லங்க" என்றாள். "கால் என்ன, சேந்துடுச்சு. ஆம்புலன்ஸ்ல ஏத்தும்போது நான் ரெண்டு தட்டினேன்னு சொன்னீங்களே. அப்ப பயத்துல சொல்றீங்கன்னுதான் நானும் ஆமான்னேன். அப்புறமாச்சும் சொல்வீங்கன்னு பாத்தேன். நம்ம பொண்ணு நாலு மாசமா எனக்கு நில்லு எது, வா எதுன்னு பாடம் எடுக்கறா. வீட்டுக்கு யார் வந்தாலும் என்னை வெச்சுக்கிட்டே சொல்லிச் சிரிக்கறா. நம்ம வீட்டுக்கு வந்தாலும் நான் ரெண்டு தட்டினவளாத்தான வரணும்? அதுக்கு இங்கயே இருந்துட்டுப் போறேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். நாலு மாதமாகத் தான் ஒருத்தர்தான் ஒரு வீட்டில் தனியாகக் கிடந்து தவிப்பதாக நினைத்திருந்தார். இவள் மகள், மருமகன், வருகிறவர், போகிறவர் எல்லோருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு அதைவிடத் தனியாக இருந்திருக்கிறாள்.

மகளிடம் சொல்லுங்கள் என்று அவள் கேட்கவில்லை. ஊசியை எடுத்து மறுபடியும் ஓரம் அடிக்க ஆரம்பித்தாள். அவர் எதிரே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். சுவர்க்கடிகாரத்தில் ஐந்து பத்து ஆனது, ஐந்து இருபது ஆனது. வழக்கமாக இந்நேரத்துக்குப் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார்.

"பஸ்ஸு போயிடும்" என்றாள் அவள், துணியைப் பார்த்தபடி.

"போகட்டும்."

ஐந்தரைக்குப் பேருந்து தெருமுனையில் திரும்புகிற சத்தம் கேட்டது. முப்பத்தொரு வருடம் கேட்ட சத்தம், அதைத் தவறவிட அவருக்குத் தெரியாது. எழுந்திருக்கவில்லை. அடுத்த பேருந்து ஏழு மணிக்கு. அந்த அரைமணி நேரத்தில் அவர் மனசுக்குள்ளேயே பத்து விதமாகச் சொல்லிப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் எங்கேயாவது ஓரிடத்தில் குழாய் வந்தது, பழக்கம் வந்தது, வயசு வந்தது. அவளுடைய விரல் முட்டி நினைவுக்கு வந்ததும் அந்த இடத்திலேயே வெட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். கடைசியில் மிஞ்சியது ரொம்பச் சின்னதாக இருந்தது.

ஆறு மணிக்கு ஜன்னலுக்கு வெளியே ஒரு கார் பின்னால் வந்து பீம் பீம் என்று கத்தியது. மகள் கார். மனைவியின் கை நாற்காலியை இறுக்கியது. அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு அந்தக் கைமேல் தன் கையை வைத்தார். அவள் கையை எடுத்துக்கொள்ளவில்லை. கார் நின்று, கதவு சாத்தி, சாவி திரும்பியது.

மகள் செருப்பைக் கழற்றியபடியே அவரைப் பார்த்து மலர்ந்தாள்.

"என்னப்பா, இன்னிக்கு பஸ்ஸ விட்டுட்டீங்களா? அம்மா ரெண்டு தட்டு தட்டி அனுப்பி வெச்சிருப்பாங்களே" என்று சிரித்தாள்.

மனைவி குனிந்து திரைச்சீலையை மடித்தாள். இந்தச் சிரிப்புக்கு அவள் பழகியிருந்தாள் என்பதை அவர் அந்த மடிப்பில் கண்டார். எழுந்து நின்றார்.

"உங்கம்மா அன்னிக்கு வான்னு தட்டல" என்றார். "நில்லுன்னுதான் தட்டினா. எனக்குக் கேட்டுச்சு. நான்தான் நிக்கல."